வாரியல் முனை

பாய்லர் என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான், வேறெதுவும் பேசாதே, பேசினால் நீயே உளறிவிடுவாய் என்று ஸ்ரீவத்சன் சார் போனை வைத்துவிட்டார், அவர் வைத்த பிறகும் எபனேசர் போனைக் காதில் வைத்தபடி படியில் ஒரு கால், தரையில் ஒரு கால் என்று நின்றான். "ஏறுதீரா இறங்குதீரா, ரெண்டுல ஒண்ணைச் செய்யும் ஓய்" என்று கண்டக்டர் கத்தினதும் ஏறினான். பாளையங்கோட்டை பஸ். ஜன்னல் சீட் கிடைத்தது. இந்த மாதிரி நாளில் ஜன்னல் சீட் கிடைக்கக்கூடாது, நின்றுகொண்டே போனால் கொஞ்சம் நியாயமாக இருக்கும் என்று தோன்றியது, உடனே இதென்ன கிறுக்குத்தனம், நான் நின்றால் அக்கா கை ஆறிவிடுமா என்றும் தோன்றியது. மடியில் சங்கத்துப் பை. பச்சை நிறம், ஒரு சொட்டுத் தண்ணீர் படம், சொட்டுக்குள் ஒரு இலை, அதைச் சுற்றி வளைத்து எழுதிய 'ஹைட்ரஜன் தொழில் வளர்ப்போர் சங்கம்'. உள்ளே ஆப்பிளும் ஹார்லிக்ஸும். பஸ் குலுங்கும்போதெல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டில் முட்டியில் இடித்தது, இடிக்கட்டும் என்று விட்டான். மூன்று மணிக்கு விபத்தை விசாரிக்கிற இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். அதற்குள் சந்தனமாரி அக்காவின் கட்டிலுக்குப் போய், உன் டீ பாய்லரில் இருந்து கங்கு தெறித்துத்தான் கை வெந்தது, அவரிடம் அப்படியே சொல்லிவிடு என்று சொல்ல வேண்டும். "பொய் ஒண்ணும் இல்லப்பா எபன். பாய்லர் அங்க இருந்ததா இல்லையா?" இருந்தது சார். "அதுல கங்கு இருந்ததா?" இருந்தது சார். "அப்புறம் என்ன?" அப்புறம் என்ன, அப்புறம் என்ன என்று பஸ் எஞ்சினும் கூடச் சேர்ந்து கேட்டுக்கொண்டு வந்தது. பதில் இருந்தது. அது சாருக்குக்கூடத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் இந்தச் சீட்டில் ஆப்பிளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

சங்கத்தில் வேலை என்றதும் அம்மா அதைச் சீட்டுக் கம்பெனி என்று நினைத்துப் பயந்தாள். தெருப் பையன்கள், "என்னல, மூணு சங்கம் எப்பவோ முடிஞ்சு போச்சே, நீ வச்சிருக்கது நாலாவதா? பாட்டு எழுதணுமா?" என்றார்கள். அவனுக்கே முதலில் பிடிபடவில்லை. காற்றாலைக்காரன், சிலிண்டர் செய்கிறவன், கப்பல்காரன், உரக் கம்பெனிக்காரன் எல்லாரும் வெளியே ஒருத்தன் கழுத்தை ஒருத்தன் பிடித்துக்கொண்டு, உள்ளே மட்டும் ஒரே மேஜையில் காப்பி குடிக்கிற இடம்தான் சங்கம் என்று ஸ்ரீவத்சன் சார் சொன்னார், அவர்தான் செயலாளர். டெல்லிக்குப் போய் விதிகளைத் திருத்தச் சொல்லிக் கேட்பது, ஆலை எந்தத் துறைமுகத்துக்கு வரவேண்டும் என்று மல்லுக்கு நிற்பது, நாளைக்கு நாடே இதில்தான் ஓடப்போகிறது என்று எல்லாரையும் நம்ப வைப்பது. டெல்லியை நம்ப வைப்பது சார் வேலை. கடற்கரை ஊர்களை நம்ப வைப்பது எபன் வேலை. ப்ளஸ் ஒன் பாதியில் நின்றவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அவன் தொண்டை. ஜவுளிக்கடைக்கு ஆட்டோவில் மைக் கட்டிக் கத்திக்கொண்டு போனவனைச் சிக்னலில் பார்த்து சார் காருக்குள் கூப்பிட்டார். அப்புறம் ஊர் ஊராக ஒரு வண்டி, வண்டியில் தண்ணீரைக் கரண்டால் பிரிக்கிற பெட்டி, இவன் கையில் மைக். தண்ணியைப் பிரிச்சா ஹைட்ரஜன், ஹைட்ரஜனை எரிச்சா மறுபடியும் தண்ணி. புகை கிடையாது, கரி கிடையாது, நாத்தம் கிடையாது! அந்த மூன்று கிடையாதும் அவனே கட்டினது. சார் கைதட்டி அதைப் போஸ்டரில் போட்டார். "குடிக்கவே நாலு நாளைக்கு ஒருக்கத்தான் தண்ணி வருது, அதையும் பிரிச்சு எரிக்கப் போறியாக்கும்" என்று ஒரு பெண் குடத்தோடு வந்து நின்றபோது, இல்லம்மா, இது கடல் தண்ணி, கடலை யாரு குடிக்கா என்று அவன் சொல்ல, கூட்டம் சிரித்தது, அவளும் சிரித்தாள். அவன் ஏமாற்றவில்லை. நம்பித்தான் பேசினான். இப்போதும் நம்புகிறான். அதுதான் தொந்தரவே, நம்பாமல் கூலிக்குக் கத்தியிருந்தால் இந்த ஆப்பிள் இவ்வளவு கனத்திருக்காது. புகை கிடையாது. கரி கிடையாது. நாத்தம் கிடையாது. இந்த மூன்றில் ஒன்று இருந்திருந்தால்கூட அக்கா அந்தப் பக்கம் கையை நீட்டியிருக்க மாட்டாள்.

மூன்றாம் மைல் ஸ்டாப்பில் ஒருவர் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார், முழங்கால் வரைக்கும் உப்பு பூத்த கால். உட்கார்ந்ததும் பையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "நீரு அந்தத் தண்ணி கேஸ் தம்பில்லா?" என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரிக் கேட்டார். முன் சீட்டில் இருந்த பெண் திரும்பிப் பார்த்து, காலையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறானா என்று மூக்கைச் சுளித்தாள். "ஐய, அந்தத் தண்ணி கேஸ் இல்லம்மா, இது தண்ணியில இருந்து எடுக்க கேஸ்" என்று அவர் அவளுக்கு விளக்கம் சொன்னார், "புகை கிடையாது, கரி கிடையாது, இன்னொன்னு என்னமோ வருமே, சொல்லும்." எபன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "நாத்தம்! நாத்தம் கிடையாது!" என்று அவரே சொல்லித் தொடையில் தட்டிக்கொண்டார். வேறொரு நாளாக இருந்தால் அவன் பஸ்ஸுக்குள்ளேயே ஒரு கூட்டம் போட்டிருப்பான். "எங்க உப்பளத்துக்குப் பின்னாலதான் அந்த டிரெயினிங் சென்டர் வருதாம்லா. எம் மவன் ஐடிஐ முடிச்சிட்டுச் சும்மா படுத்துக் கிடக்கான். ஒரு இடம் வாங்கித் தாரும் தம்பி, உமக்குக் கோடிப் புண்ணியம். எனக்கு இந்தக் காலு போதும், அவனுக்கும் இந்தக் காலு வரவேண்டாம்." பார்க்கலாம்ண்ணே என்றான். ஆலைக்கு இடம் பார்க்க வந்த டெல்லிக் குழு இன்னும் முடிவைச் சொல்லவில்லை. ஹைட்ரஜன் ஒரு பெண்ணின் கையைத் தின்றது என்று இன்ஸ்பெக்டர் எழுதினால் ஆலை ஆந்திராவுக்குப் போகும், சென்டரும் கூடப் போகும், இவர் மகன் படுத்தே கிடப்பான். பாய்லர் என்று எழுதினால் அக்காவின் பாய்லரை எடுத்துக்கொண்டு போவார்கள், துறைமுகத்தில் இனிமேல் யாருக்கும் கரி பாய்லர் கிடையாது என்பார்கள். ஒரு தட்டில் நாடு, ஒரு தட்டில் பாய்லர் என்று சார் பேசுகிற மாதிரியே எண்ணம் ஓடியது. சே, நான் எதற்கு நாட்டை இழுக்கிறேன். நாட்டுக்கும் எனக்கும் என்ன. நாடு வந்து என்னிடம் அந்த வாரியலைக் கீழே போடு என்றா சொன்னது.

வாரியல். நினைக்கக்கூடாது என்று வைத்திருந்த வார்த்தை வந்துவிட்டது. சென்னைக்காரர்கள் துடைப்பம் என்பார்கள், இவன் ஊரில் வாரியல். நஸ்ரீன் மேடம் முதல் நாள் அதைக் கையில் கொடுத்தபோது அவன் பின்னால் கையைக் கட்டிக்கொண்டான். சங்கத்துக்குப் பாதுகாப்பு எஞ்சினியர் அவர்தான், திருச்சிக்காரர், சிரிக்கவே மாட்டார். யார்டில் நட்ட நடு வெயிலில் ஒரு குழாயைத் திறந்து, பற்றவைத்து, "இப்ப நெருப்பு எங்க இருக்கு சொல்லு" என்றார். ஒன்றும் இல்லை. வெயில்தான் இருந்தது, அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது. "பகல்ல ஹைட்ரஜன் எரிஞ்சா கண்ணுக்குத் தெரியாது எபன். அடுப்பு மாதிரி அனலும் வீசாது. தொட்டாத்தான் தெரியும். அதுக்குக் கருவி இருக்கு, பேட்டரி செத்தா அது பொய் சொல்லும். இது பொய் சொல்லாது" என்று அந்த வாரியலை முன்னால் நீட்டிப் பிடித்து நடந்தார், வாளைப் பிடிக்கிற மாதிரி, மெதுவாக, குழாய் நெடுக. ஒன்றுமே இல்லாத வெறும் காற்றில் ஈர்க்குச்சி முனை திடீரென்று தானாகப் பற்றிக்கொண்டது. அவன் துள்ளிக் குதித்தான். "முனை பத்திக்கிட்டா அங்க நெருப்பு. பத்தலைன்னா உன் கை பிழைச்சுது. இதுக்குப் பேரு லைன் நடக்கிறது. கேஸ் திறந்ததுக்கப்புறம், ஆளுங்க கிட்ட வர்றதுக்கு முன்னாடி, லைன் நடக்கணும். எந்த ஊரா இருந்தாலும், யார் வந்தாலும்." சரி மேடம், ஆனா இதுக்கு வேற பேரு வைக்கலாமா, பாதுகாப்புக் கோல் அப்படீன்னு என்று கேட்டான். அவர் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். "கூச்சமா இருந்தா பேரை மாத்திக்கோ. பொருளை மாத்தாதே." அவருக்கு அது வெறும் ஈர்க்குச்சி. இவன் வீட்டு வாசலில் சாய்ந்து நிற்பது அது, நீளக் கம்பு கட்டின கார்ப்பரேஷன் வாரியல். விடியும் முன்னே அம்மா அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு போவாள், பெரிய கடைத்தெரு முழுக்கக் கூட்டிவிட்டு வருவாள். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு எபன் என்று பேரே கிடையாது, வாரியல்தான். ஏ வாரியல், பந்தை எடு. ஏ வாரியல், உன் சீட்டு அங்க. ப்ளஸ் ஒன்னில் ஒரு வாத்தியார் வகுப்புக்குள் வந்து, குப்பையைப் பார்த்து, நாற்பது முகத்தையும் பார்த்துவிட்டு, "எபனேசர், நீ கூட்டிடு, உனக்குத்தான் நல்லா வரும்" என்றார். திட்டிச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார், அதுதான் தாங்கவில்லை. மறுநாள் அவன் போகவில்லை, அதற்கப்புறம் போகவே இல்லை. கணக்கு வரவில்லை, அதனால் நின்றுவிட்டான் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள். கணக்கு அவனுக்கு நன்றாக வரும்.

ஆனாலும் எல்லா ஊரிலும் நடந்தான். அதையும் சொல்ல வேண்டும். மணப்பாட்டில் நடந்தான், குலசேகரன்பட்டினத்தில் நடந்தான், பையன்கள் பின்னால் வந்து ஏண்ணே பேயோட்டுதீங்களா என்று கேட்டபோதும் விடாமல் நடந்தான். ஒரு இடத்திலும் முனை பற்றவில்லை. பற்றாமல் பற்றாமல் அது ஒரு சடங்கு மாதிரி ஆகிப்போனது, செய்தாலும் ஒன்று, செய்யாவிட்டாலும் ஒன்று. வாகைக்குளம் தாண்டி பஸ் வேகம் எடுத்தது, காற்று முகத்தில் அடித்தது, கண்ணை மூடினால் அந்தப் பந்தல்தான் வந்தது. மீன்பிடித் துறைமுகத்துப் பக்கத்தில் மைதானம், டெல்லிக் குழு வருகிற நாள். ஹைட்ரஜன் அடுப்பில் போட்ட முதல் டீயை அவர்கள் குடிக்க வேண்டும் என்பது சாருடைய யோசனை. அதற்குத்தான் சந்தனமாரி அக்கா. துறைமுகத்தில் அவள் டீ குடிக்காத ஆள் கிடையாது, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி அவள் ஆற்றினால் ஒரு சொட்டு வெளியே போகாது. விருந்தாளிக்கு கேஸ் அடுப்பு, கூட்டத்துக்கு அவளுடைய கரி பாய்லர், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். "ஒன் கேஸுல டீ போட்டா எம் பாய்லரு கோவிச்சுக்கிடும் எய்யா" என்றாள் அன்றைக்குக் காலையில், "அதுக்கு ரெண்டு கரி கூடப் போட்டுச் சமாதானம் பண்ணி வச்சிருக்கேன்." இவன் சிரித்துக்கொண்டே வாரியலை எடுத்தான். கேஸ் திறந்தாகிவிட்டது. நஸ்ரீன் மேடம் வண்டியில் மீட்டரைப் பார்த்துக்கொண்டு, "லைன் நட எபன்" என்றார். குழாய் வண்டியில் தொடங்கி, நாற்காலி வரிசைக்கு முன்னால் போய், பேனருக்குப் பின்னால் திரும்பி அடுப்பு மேஜைக்குப் போகிறது. அவன் வாரியலை நீட்டிப் பிடித்து நாற்காலிகளுக்கு முன்னால் இரண்டு எட்டு வைத்ததும் கார்கள் வந்துவிட்டன. சீக்கிரமே வந்துவிட்டார்கள். நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. "அண்ணே, ஃப்ரேமுல வாரியல் விழுது" என்று வீடியோக்காரன் கத்தினான். பன்னீர்ச் செம்போடு நின்ற பெண்பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்தார்கள். ஸ்ரீவத்சன் சார் மாலையோடு ஓடி வந்தவர் அவனைப் பார்த்தார், வாரியலைப் பார்த்தார், சிரித்தார். "என்னப்பா எபன், டெல்லிக்காரனை இதை வச்சா வரவேற்கப் போற?" அவ்வளவுதான் சொன்னார். இந்த இடத்துக்கு வந்தால் எண்ணம் நின்றுவிடும், மாட்டுவண்டிச் சக்கரம் கல்லில் ஏறி நிற்கிற மாதிரி. கீழே போடு என்று சார் சொன்னாரா? இல்லை. நடக்காதே என்றாரா? அதுவும் இல்லை. சிரித்தார். சிரித்ததற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியுமா, முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், இந்த இரண்டு நாளாக அவரைத் தூக்கிக் கூண்டில் நிறுத்திப் பார்க்கிறான், அவர் சிரித்தபடியே இறங்கிப் போய்விடுகிறார். கூண்டில் மிச்சம் நிற்பது இவன். ஏ வாரியல், என்று எங்கிருந்தோ கேட்டது. காதெல்லாம் சூடாகி, அதைப் பேனருக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டு, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினான். மாலை போட்டதும் பின்பக்கமாகப் போய் நடந்துவிடலாம் என்று நினைத்தான். உண்மையாகவே நினைத்தான். மைக் கையில் வந்ததும் மறந்துபோனான்.

"எய்யா, என்னமோ கடிச்சிட்டு!" அவன் நாத்தம் கிடையாது என்று சொல்லி முடிக்கவும் அந்தச் சத்தம் வரவும் சரியாக இருந்தது. மேஜைக்கு அடியில் இருந்த சீனி டின்னை எடுக்கக் குனிந்த சந்தனமாரி அக்கா கையை உதறிக்கொண்டு எழுந்தாள். புகை இல்லை, ஜுவாலை இல்லை, ஒன்றுமே இல்லை, அவள் கையை மட்டும் எதுவோ தின்றிருந்தது. பாம்பு பாம்பு என்று யாரோ கத்த, பந்தல் முழுக்கக் கிளம்பிவிட்டது. நாற்காலியில் ஏறி நின்றவன், செருப்பைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தவன். எபனுக்கு மட்டும் தெரியும் அங்கே பாம்பு இல்லை என்று. மைக் அவன் கையில்தான் இருந்தது. யாரும் கிட்டப் போகாதீங்க என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம், ஊருக்கே கேட்டிருக்கும். தொண்டை வரவில்லை, சோறு போட்ட தொண்டை. தவில்காரர் பேனருக்குப் பின்னால் கைவிட்டு வாரியலை உருவி, பாம்பை அடிக்க மேஜைக்கு அடியில் குத்தினார், முனை தானாகப் பற்றிக்கொண்டு எரிந்தது. அன்றைக்கு அது லைன் நடந்தது அப்படித்தான், அவன் கையால் நடக்க வேண்டியது தவில்காரர் கையால் நடந்தது, ஒரு ஆளுடைய கை போன பிறகு. நஸ்ரீன் மேடம் பாய்ந்து வால்வை மூடினார். சார் டெல்லிக்காரர்களைப் பார்த்து இங்கிலீஷிலும் இந்தியிலும் "டீ பாய்லர், டீ பாய்லர்" என்று கைகாட்டினார். எரிகிற வாரியல், பக்கத்தில் கங்கு சிவந்த பாய்லர். எல்லாரும் பார்த்தார்கள், எல்லாருக்கும் புரிந்துவிட்டது. பாய்லர் என்ற வார்த்தை பிறந்தது அங்கேதான். அதைத் தூக்கிக்கொண்டுதான் இப்போது இவன் பஸ்ஸில் போகிறான், ஆப்பிளோடு சேர்த்து.

வல்லநாட்டுப் பாலத்தில் ஒரு லாரி குறுக்கே நின்று பஸ் நகரவில்லை. கீழே தாமிரபரணியில் தண்ணீர் கொஞ்சமாக, வெயிலைத் தாங்கிக்கொண்டு கிடந்தது. தண்ணீரைப் பார்த்தால் பிரித்துப் பார்க்கிற புத்தி அவனுக்கு வந்துவிட்டது, இத்தனை ஹைட்ரஜன், இத்தனை ஆக்ஸிஜன். போன் அடித்தது, நஸ்ரீன் மேடம். எடுக்கவில்லை. நேற்றும் கூப்பிட்டிருந்தார், அப்போது எடுத்தான். "எபன், மேஜைக்கு அடியில இருந்த ஜாயிண்டைக் கழட்டித் தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்துட்டேன், வாஷர் வாய் பிளந்திருக்கு, நான் போட்ட வாஷர், அதுல கசிஞ்ச கேஸ்தான் பத்தியிருக்கு. ஆனா நீ நடந்தப்ப முனை பத்தலையா? நீ லைன் நடந்தேல்ல?" நடந்தேன் மேடம் என்றான். "முழுசா?" முழுசா மேடம். "அப்ப நீ நடந்ததுக்கப்புறம்தான் பிளந்திருக்கு. அப்ப துடைப்பத்தையும் நம்ப முடியாதா எபன்?" என்று கேட்டார். அவர் குரலில் அப்படி ஒரு பயத்தை அவன் கேட்டதே இல்லை. பொய் சொல்லாத ஒன்றை இவன் பொய் சொன்னதாக்கி வைத்துவிட்டான். நாளைக்கு வேறு எங்கோ ஒரு யார்டில் வேறு எவனோ ஒருவன், துடைப்பமெல்லாம் சும்மாப்பா, தூத்துக்குடியிலேயே வேலைக்கு ஆகலை என்று சொல்லி அதைத் தூக்கி எறிவான், அவனும் சந்தனமாரியும் முன்பின் பார்த்திருக்க மாட்டார்கள். போன் அடித்து ஓய்ந்தது. எபன் உதட்டை அசைத்து, பாய்லர் என்று சொல்லிப் பார்த்தான். எளிதாகத்தான் வந்தது. அக்கா, பாய்லர். பாய்லர் அக்கா. "என்ன தம்பி, செபம் சொல்லுதீரா?" என்றார் உப்பளத்துக்காரர். லாரி நகர்ந்தது. அவர் இறங்கும்போது, "மறந்துராதேயும், எம் மவன் பேரு தங்கராசு" என்று அவன் தோளில் கை வைத்துவிட்டுப் போனார், சட்டையில் வெள்ளையாக உப்பு ஒட்டியிருந்தது. தட்டிவிட மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரி வார்டில் டெட்டாலும் சாம்பார் சாதமும் கலந்த வாடை. சந்தனமாரி அக்கா ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் இருந்தாள். வலது கை தோள் வரைக்கும் வெள்ளைத் துணி சுற்றி ஒரு தலையணை மேல் தனியாகக் கிடந்தது, வேறு யாருடைய கையையோ காவலுக்கு வைத்திருக்கிற மாதிரி. அவனைப் பார்த்ததும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்திருக்கலாம். "வா எய்யா, கேஸ் கம்பெனி. கையில என்ன, ஆப்பிளா? இதை ஒத்தக் கையால எப்படி வெட்டுவேன், பனங்கிழங்கு கொண்டாந்தா கடிச்சாவது தின்னுருப்பேன்." ஸ்டூலில் உட்கார்ந்தான். பையைக் கீழே வைத்தான், மறுபடியும் மடியில் எடுத்து வைத்தான். நர்ஸ் வந்து, "இன்ஸ்பெக்டர் வந்துட்டாரு, டாக்டர்ட்டப் பேசிக்கிட்டு இருக்காரு, இப்ப இங்க வருவாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். வார்டின் அந்தக் கோடியில் ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. இப்போது சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை. வாயைத் திறந்தான், அவனுக்கு முந்தி அவள் திறந்துவிட்டாள். "வரட்டும் எய்யா, நான் சொல்லிக்கிடுதேன், நீ பயப்படாத. எம் பாய்லருதான். அன்னைக்கு வேணும்னு ரெண்டு கரி கூடப் போட்டேம்லா, அதுதான் கங்கு தெறிச்சிட்டு. டெல்லியில இருந்து வந்தவுக முன்னால ஒங்க சங்கத்தையே கேவலப்படுத்திட்டேன். சாரு என் மேல ரொம்பக் கோவமா இருக்காரா?" இல்லக்கா என்றான். "கங்கு தெறிச்சதைக்கூட விடு. எனக்கு ரெண்டு நாளா உறக்கமே இல்ல, ஏன் தெரியுமா, அந்த வாரியலு. நெருப்புப் பக்கத்துல எந்தப் பொம்பளையாவது வாரியலை வைப்பாளா? இத்தனை வருசமா பாய்லர் வச்சிருக்கேன், அந்தப் புத்தி எனக்கில்லாம போவுமா? நானே கொண்டாந்து வச்சிட்டு மறந்துட்டேனோன்னு யோசிச்சு யோசிச்சு மண்டை காயுது. ஏன் எய்யா, எனக்கு மறதி வந்துட்டோ?"

தலையை ஆட்டினால் போதும். பாய்லர் என்றுகூடச் சொல்ல வேண்டாம், அவளே எல்லாவற்றையும் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, கனம் சரியாக இருக்கிறதா என்று இவனிடம் கேட்கிறாள். சார் கேட்டால் கைதட்டுவார். ஆலை வரும், சென்டர் வரும், தங்கராசு வருவான், நாடு ஓடும். அவள் இந்தக் கட்டிலில் கிடந்து, இல்லாத மறதியைச் சாகிற வரைக்கும் தேடிக்கொண்டிருப்பாள். எபன் ஆப்பிளைப் பார்த்தான், துணி சுற்றின கையைப் பார்த்தான், விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. வெள்ளைச் சட்டை கட்டில்களுக்கு நடுவே வந்துகொண்டிருந்தது, செருப்புச் சத்தம் கேட்டது. மைக் இல்லாமல் பேசினால் தன் குரல் இவ்வளவு சின்னது என்று அவனுக்கு இத்தனை நாள் தெரியாது.

"யக்கா, ஒங்களுக்கு மறதி ஒண்ணும் இல்ல. பாய்லரும் இல்ல. அது என் வாரியலு."

"ஒன் வாரியலா? ஒனக்கு எதுக்கு எய்யா வாரியலு?"

இன்ஸ்பெக்டர் கட்டில் காலருகே வந்து நின்றார். எபன் எழுந்திருக்கவில்லை, அவர் பக்கம் திரும்பவும் இல்லை. அவளிடம்தான் சொன்னான்.

"நீங்க கிட்ட வர்றதுக்கு முந்தி அதை முன்னால நீட்டிப் பிடிச்சு, குழாய் நெடுக நடக்கச் சொல்லியிருந்தாங்கக்கா. நான் நடக்கல."